பல உப்புகள் கூடிய ஒரு கல்

மாரி தொடங்கியதும் அடுப்படியில் உப்புச் சாடி கசியத் தொடங்குவதை எல்லோரும் கண்டிருப்போம். கோடையில் பொலபொலவென்று இருந்த உப்பு ஈரமாகிக் கட்டிபடும். சாடியின் அடியில் தேங்கும் நீரை நாக்கில் வைத்தால் உப்புச் சுவையோடு ஒரு கசப்பும் தெரியும். அந்தக் கசப்பு நாம் கறிக்குப் போடும் உப்பினுடையது அன்று. அதனோடு ஒட்டி வந்த மகனீசிய உப்பினுடையது. காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதும் அதுவே. கடையில் ஒரே பெயரில் விற்றாலும் கடல் நமக்குத் தருவது ஒரே உப்பு அன்று.

கடலில் கரைந்துள்ள பல உப்புகள் ஒன்றாகக் கூடி இறுகிய ஓர் அரிய கனியத்தைப் பற்றி இந்த இதழில் படிப்போம். அதன் பெயர் பொலிஹலைற்று. கிரேக்க மொழியில் 'பல உப்புகள்' என்று பொருள். நமது நாட்டில் இக்கல் வெட்டி எடுக்கப்படுவதில்லை. அப்படியிருக்க, சொந்தக் காணி கைக்கு வராமல் உறவினர் வளவிலும் குத்தகை நிலத்திலும் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் எதற்கு என்று யாரும் கேட்கலாம். இக்கல் இன்று உலகச் சந்தையில் உரமாக விற்கப்படுகிறது என்பது ஒரு காரணம். உவர் ஏறிய வயலில் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இக்கல்லின் கதையைப் போல உதவும் வேறு கதை இல்லை என்பது மற்றைய காரணம். இரண்டாவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கடல்நீர் வற்றும் ஒழுங்கு

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் பெரும் பங்கு, கிட்டத்தட்ட 30 கிராம், சோடியமும் குளோரைட்டும். சல்பேற்று 2.7 கிராம், மகனீசியம் 1.3 கிராம். கல்சியமும் பொற்றாசியமும் ஒவ்வொன்றும் 0.4 கிராம் மட்டுமே. பயிருக்கு மிகவும் வேண்டிய பொற்றாசியம் கடலில் இவ்வளவு சொற்பம் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த நீர் வெயிலில் வற்றும்போது எல்லா உப்புகளும் ஒரே நேரத்தில் படிவதில்லை. எது குறைவாகக் கரையுமோ அது முதலில் படியும். முதலில் வருவது சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் உள்ளே படியும் வெள்ளைப் படை அதே பொருள்தான். நீர் ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். அது கல்சியமும் சல்பேற்றும் நீரும் சேர்ந்தது. நீர் பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சாப்பாட்டு உப்பு படியும். பொற்றாசியமும் மகனீசியமும் கடைசி வரை நீரிலேயே நின்றுவிடும். நீர் அறுபதில் ஒரு பங்கிலும் குறைந்த பிறகே அவை படிய ஆயத்தமாகும். இந்த ஒழுங்கை உசிலியோ என்ற இரசாயனவியலாளர் 1849 இல் மத்தியதரைக் கடல்நீரை வற்றவைத்து அளந்து காட்டினார்.

ஆனையிறவிலோ மன்னாரிலோ புத்தளத்திலோ உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை நான் படிப்பிக்க வேண்டியதில்லை. நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றுவது இதற்காகத்தான். ஜிப்சம் ஒரு பாத்தியில் தங்கிவிடும். உப்பு அடுத்த பாத்தியில் விளையும். உப்பை வாரிய பின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். விடாமல் வைத்திருந்தால் உப்பும் கசந்துபோகும். அந்தக் கசப்புத் தண்ணீரில்தான் மகனீசியமும் பொற்றாசியமும் திரண்டிருக்கின்றன.

பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு போத்தல் கடல்நீரை அகன்ற வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். முதலில் மெல்லிய ஊசிகளைப் போல ஜிப்சம் வரும். பின்னர் சிறு சிறு சதுரக் கட்டிகளாக உப்பு வரும். கடைசியில் எவ்வளவு வெயில் எறித்தாலும் காயாத ஒரு பிசுபிசுப்பு மிஞ்சும். விரலில் தொட்டுச் சுவைத்தால் கசக்கும்.

கல் உண்டாகும் விதம்

பொலிஹலைற்றில் பொற்றாசியம், கல்சியம், மகனீசியம் மூன்றும் சல்பேற்றுடன் சேர்ந்து, கூடவே ஆறு வீதமளவு நீரும் உண்டு. இந்த இடத்தில் கவனமாக வாசித்தவர்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். கல்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. பொற்றாசியமும் மகனீசியமும் கடைசிவரை நீரில் நிற்கின்றன. முதலில் போனதும் கடைசியில் நின்றதும் ஒரே கல்லில் எப்படிச் சேர்ந்தன?

விடை இதுதான். முன்னரே படிந்து கிடந்த ஜிப்சப் படையின் ஊடாக, பிற்காலத்தில் பொற்றாசியமும் மகனீசியமும் செறிந்த கசப்புத் தண்ணீர் ஊறி இறங்கியது. பழைய படை புதிய நீரோடு தாக்கமடைந்து மெல்ல மெல்ல வேறு கல்லாக மாறியது. பொலிஹலைற்று பெரும்பாலும் இப்படி இரண்டாம் பிறப்பாக உண்டானதே. கசப்புத் தண்ணீர் வெளியே ஓடிவிடாமல் நெடுங்காலம் தங்க வேண்டும்; அதன் கீழே ஜிப்சம் இருக்க வேண்டும்; பின்னர் மழையோ ஆறோ வந்து எல்லாவற்றையும் கழுவிவிடாமல் களிமண் மூடிக்கொள்ள வேண்டும். இத்தனையும் ஓரிடத்தில் கூடுவது அரிது. ஆகவே கல்லும் அரிது. மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியாக் கரையிலுள்ள ஒரு கடனீரேரியின் உவர்த் தரையில் அண்மைக் காலத்தில் உண்டான பொலிஹலைற்றும் காணப்பட்டிருக்கிறது. உலகில் உள்ளதில் மிகப் பெரும்பகுதி பழங்காலப் பாறைகளுக்குள்ளேயே கிடக்கிறது.

பார்வைக்கு இது மாணிக்கம் போன்ற கல் அன்று. சாம்பல் நிறமாகவோ, இரும்புத் துரு கலந்து வெளிறிய செங்கல் நிறமாகவோ, மீன் சதையின் இளஞ்சிவப்பிலோ இருக்கும். ஜிப்சத்தை நகத்தால் கீறலாம். இதை நகத்தால் கீற முடியாது, கத்தியால் கீறலாம். அதே அளவு தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு பாரம். இதன் தனிக்குணம் தண்ணீரில் இட்டால் தெரியும். சாப்பாட்டு உப்பைப் போல முழுதாகக் கரைந்து மறையாது. பொற்றாசியமும் மகனீசியமும் கரைந்து வெளியேற, கல்சியம் ஜிப்சமாக அடியில் வெண்பொடியாகத் தங்கிவிடும். பல உப்புகளாகக் கூடி வந்த கல், தண்ணீரில் பிரிந்து போகும்போது ஒவ்வொன்றும் தன் தன் வழியே போகிறது.

லூக்கா நற்செய்தியில் சாரமற்றுப்போன உப்பு நிலத்துக்கும் உதவாது, எருக்கும்பிக்கும் உதவாது என்ற கருத்து வருகிறதல்லவா? உப்பு எப்படிச் சாரமற்றுப் போகும் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. சாக்கடல் ஓரத்தில் வாரிய உப்பு பல உப்புகளின் கலவை. ஈரம் பட்டு நல்ல உப்பு கரைந்துபோக, ஜிப்சமும் மண்ணும் பார்வைக்கு உப்பைப் போலவே மிஞ்சியிருக்கும் என்பது மறைநூல் அறிஞர் சிலர் தரும் விளக்கம். மேலே சொன்ன தண்ணீர்ப் பரிசோதனை அந்த விளக்கத்துக்குப் பொருந்தி வருகிறது.

எங்கே கிடைக்கிறது

ஒஸ்திரியாவின் பாட் இஷ்ல் உப்புச் சுரங்கத்திலிருந்து வந்த கல்லை ஆராய்ந்து 1818 இல் இதற்குப் பெயரிட்டவர் ஜேர்மனியரான பிரீட்ரிக் ஸ்ட்ரோமையர். அதற்கு முந்திய ஆண்டில் கட்மியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே. ஜேர்மனியின் உப்புச் சுரங்கங்களிலும், அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ, டெக்சாஸ் மாநிலங்களிலும், அயலில் இராஜஸ்தானின் நாகௌர், கங்காநகர்ப் பகுதி நிலத்தடியிலும் இது உண்டு. முதலாம் உலகப் போரில் ஜேர்மனியின் பொற்றாசியம் வராமல் நின்றதும் அமெரிக்கர் தம் நிலத்தில் தேடத் தொடங்கினர். 1925 இல் நியூ மெக்சிக்கோவின் கார்ல்ஸ்பாட் அருகே பொற்றாசிய உப்புகள் கண்டறியப்பட்டு, 1931 இல் அகழ்வு தொடங்கியது. அங்கே பொலிஹலைற்றும் ஏராளம் இருந்தது. ஆனால் எளிதில் கரையும் மற்றைய உப்புகள் கிடைத்தபடியால் இதை ஒதுக்கிவிட்டார்கள்.

ஒதுக்கிய கல்லுக்கு மதிப்பு வந்தது இங்கிலாந்தில். ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன் வடகிழக்கு இங்கிலாந்திலிருந்து ஜேர்மனி, போலந்து வரை ஓர் ஆழமற்ற கடல் பரந்திருந்தது. செக்ஸ்டைன் கடல் என்பது அதற்கு ஆய்வாளர் இட்ட பெயர். குளிருக்குப் பேர்போன இங்கிலாந்து அப்போது பூமத்திய கோட்டுக்கு வடக்கே, நாம் இருக்கும் அளவான வெப்ப வலயத்தில், வறண்ட பாலையாகக் கிடந்தது. கடல் வற்றும், மீண்டும் நிறையும், மீண்டும் வற்றும். 1,000 மீற்றர் ஆழமான கடல் முழுதாக வற்றினாலும் 15 மீற்றர் அளவு உப்பே மிஞ்சும். அங்கே நூற்றுக் கணக்கான மீற்றர் தடிப்பில் உப்புப் படைகள் கிடப்பதால், எத்தனை முறை அது நிறைந்து வற்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

யோக்ஷயர்க் கரையிலுள்ள போல்பி சுரங்கம் 1,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், வடகடலின் அடியே பல கிலோமீற்றர் போகிறது. கீழே பாறையின் சூடு 40 பாகை செல்சியஸ். 1973 முதல் அங்கே பொற்றாசியம் குளோரைட்டு வெட்டினார்கள். அது தீர்ந்து வர, அதற்குக் கீழே கிடந்த பொலிஹலைற்றைத் தொட்டார்கள். 2018 உடன் குளோரைட்டு வெட்டுவதை நிறுத்தி முழுதும் பொலிஹலைற்றுக்கு மாறினார்கள். (இவ்வளவு ஆழத்தில் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் புகாது என்பதால் விஞ்ஞானிகள் அங்கே ஓர் ஆய்வுகூடமும் வைத்திருக்கிறார்கள். அது வேறு கதை.)

அதே கரையில், விற்பி நகருக்கு அருகே, இரண்டாவது சுரங்கம் ஒன்றை சிரியஸ் மினரல்ஸ் என்ற கம்பனி தொடங்கியது. தேசியப் பூங்காவின் அழகு கெடக்கூடாதென்று, வெட்டிய கல்லை 37 கிலோமீற்றர் நிலத்தடிச் சுரங்கப் பாதையால் துறைமுகப் பக்கம் கொண்டுசெல்லத் திட்டமிட்டு 2015 இல் அனுமதி பெற்றார்கள். ஊருக்கு வேலை வரும் என்று நம்பி அயலிலுள்ள சாதாரண மக்கள் பலர் சேமிப்பையும் ஓய்வூதியப் பணத்தையும் போட்டுப் பங்கு வாங்கினார்கள். 2019 இல் கம்பனிக்கு வேண்டிய கடன் கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் அங்லோ அமெரிக்கன் என்ற பெருங்கம்பனி அதை அடிமாட்டு விலைக்கு வாங்கியது. பங்கு வாங்கிய சிறியவர்கள் போட்டதில் பெரும்பகுதியை இழந்தார்கள். கல் எங்கும் போகவில்லை. நிலத்தடியில் பத்திரமாகவே இருக்கிறது.

இதை வாசிக்கையில் எனக்கு நினைவுக்கு வருவது அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவல. அங்கே நிலத்தடியில் இருப்பது பொசுபேற்று. அதைப் பெரிய அளவில் வெட்டி ஏற்றுமதி செய்ய வெளிநாட்டுக் கம்பனியோடு அரசு ஒப்பந்தம் செய்யப் போனபோது, அவ்வூர் விவசாயிகளும் ஒரு பௌத்த துறவியும் உயர் நீதிமன்றம் சென்றனர். திட்டம் நிறைவேறியிருந்தால் ஆயிரக் கணக்கானோர் குடிபெயர நேர்ந்திருக்கும். 2000 ஆம் ஆண்டில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. உரக் கனியம் உழவனுக்காக என்றுதான் சொல்லப்படும். ஆனால் அது கிடக்கும் நிலத்தில் இருப்பவரும் உழவரே. போரினாலன்றி அபிவிருத்தி என்ற பெயரால் இடம்பெயர்வதும் இடம்பெயர்வுதான் என்பதை, ஒரு முறை பொட்டளியோடு வீடு விட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஆராய யாராவது துளை போட வந்தால், எந்தத் திணைக்களத்தின் அனுமதியோடு வந்தீர்கள், அந்தக் கடிதம் எங்கே என்று கேட்பது நமது உரிமை.

உரமாக என்ன மதிப்பு

சந்தைக்கு வரும் பொலிஹலைற்று 100 கிலோவில், பொற்றாசியம் ஒட்சைட்டுக் கணக்கில் 14 கிலோ, கந்தகம் 19 கிலோ, மகனீசியம் ஒட்சைட்டுக் கணக்கில் 6 கிலோ, கல்சியம் ஒட்சைட்டுக் கணக்கில் 17 கிலோ உண்டு. நாம் எம்.ஓ.பி. என்று வாங்கும் சிவப்பு உரம் பொற்றாசியம் குளோரைட்டு. அதில் 60 கிலோ. ஆகவே 50 கிலோ மூடை ஒன்றில் எம்.ஓ.பி. 30 கிலோ தருகிறது. பொலிஹலைற்று 7 கிலோதான் தருகிறது. பொற்றாசியத்தை மட்டும் பார்த்தால் ஒரு மூடை எம்.ஓ.பி.க்கு நாலு மூடைக்கு மேல் இந்தக் கல் வேண்டும். கப்பல் கூலியும் லொறிக் கூலியும் அதற்கேற்ப ஏறும். 'பல சத்தும் ஒரே கல்லில்' என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். நெல் வயலுக்கு இது கட்டாது என்பதே என் எண்ணம்.

ஆனால் குளோரைட்டு ஆகாத பயிர்கள் உண்டு. புகையிலைக்குக் குளோரைட்டு மிகுந்தால் இலை சரியாக எரியாது. சுருட்டு அணைந்து அணைந்து போகும். (புகையிலை பற்றி என் கருத்து வேறு; அதை வேறு இதழில் சண்டை பிடிப்போம்.) உருளைக்கிழங்கின் மாச்சத்தையும் அது குறைக்கும். வெங்காயத்துக்குக் கந்தகம் வேண்டும். உரிக்கும்போது கண்ணில் நீர் வரவைக்கும் காரமே கந்தகச் சேர்வைகளால் வருவது. இப்படிப்பட்ட பயிர்களுக்குச் சல்பேற்று வடிவில் பொற்றாசியம் கிடைப்பது நன்மை. ஏற்கெனவே உவரேறிய தோட்டத்தில் மேலும் குளோரைட்டு போடாமல் இருப்பதும் நன்மையே.

மூடையில் இருப்பது என்ன என்று அறிய ஒரு சிறு வழி. ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு கரண்டி எம்.ஓ.பி. போட்டுக் கலக்குங்கள். கிளாஸ் கைக்குக் குளிர்ந்து தெரியும். உரம் முழுவதும் கரைந்து, மேலே மெல்லிய செந்நிறப் படலம் மட்டும் நிற்கும். அடியில் செங்கல் தூளைப் போல அடர்த்தியாகப் படிந்தால் கலப்படத்தைச் சந்தேகிக்கலாம். பொலிஹலைற்றோ மெதுவாகக் கரைந்து வெண்பொடி விட்டுவைக்கும். அது கலப்படம் அன்று, மேலே சொன்ன ஜிப்சம்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும், 2022 இல் உக்ரேன் போரோடு ரஷ்யா, பெலருஸ் நாடுகளின் பொற்றாசியம் சந்தைக்கு வருவது குழம்பியபோதும், மூடையை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு தெரியும். நெற்பயிர் எடுக்கும் பொற்றாசியத்தில் மிகப் பெரும்பங்கு நெல்லில் அன்று, வைக்கோலில் நிற்கிறது. ஒரு தொன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொற்றாசியம் உண்டு. வைக்கோலை விற்பவர் அதையும் சேர்த்தே விற்கிறார். எரித்தால் பொற்றாசியம் சாம்பலில் நிற்கும், ஆனால் நைதரசனும் கந்தகத்தில் ஒரு பங்கும் புகையோடு போகும். சாம்பலையும் காற்றும் முதல் மழையும் கொண்டுபோகும். குத்தகை நிலமாயினும் வைக்கோலைப் பரப்பி மடக்கி உழுவதே நல்லது. அடுப்புச் சாம்பல், பொச்சு எரித்த சாம்பல் இரண்டும் பொற்றாசியம் நிறைந்தவை. ஆனால் சாம்பலை யூரியாவோடு கலக்காதீர்கள், யூரியாவின் சத்து ஆவியாகிப் போகும். சுண்ணாம்பு மிகுந்த செம்மண்ணில் அளவோடு தூவுங்கள்.

உவரேறிய காணிக்குத் திரும்புகிறவர்களுக்கு

பல ஆண்டுகள் கைவிடப்பட்டு வரம்பும் வாய்க்காலும் அழிந்த வயலுக்குத் திரும்பும்போது, முதற் கேள்வி அங்கே இருப்பது எந்த உப்பு என்பது. வெறும் உவராயின், அதாவது கரையும் உப்புகள் மண்ணில் நிறைந்திருந்தால், அதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலுமே. 2004 டிசெம்பர் 26 இல் கடல் ஏறிய மணற்பாங்கான நிலங்கள் பலவற்றை அடுத்தடுத்த மழைகள் கழுவிவிட்டன. அங்கே ஜிப்சமும் வேண்டாம், பொலிஹலைற்றும் வேண்டாம்.

களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டால் கதை வேறு. களித் துணிக்கைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, மண்ணின் துவாரங்கள் அடைபட்டு, மழைநீர் இறங்காது. காய்ந்ததும் மேற்பரப்பு ஓடு போல் இறுகி வெடிக்கும். இதற்குக் கல்சியம் வேண்டும். கல்சியம் வந்து சோடியத்தைத் தள்ளிவிட, சோடியம் தண்ணீரோடு வெளியேறும். அதற்கு மலிவான கல்சியம் ஜிப்சம்தான். பொலிஹலைற்றிலும் ஜிப்சம் பிறக்கிறது என்றாலும் வயல் திருத்தும் அளவுக்கு அதை வாங்குவது வைத்தியச் செலவுக்காக வீட்டை விற்பது போலாகும்.

எந்த வகை என்று அறிய, வயலின் நாலைந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்து மண் எடுத்துக் கலந்து, ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மழைநீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். கிணற்று நீர் வேண்டாம்; அதிலுள்ள கல்சியம் முடிவை மாற்றிவிடும். சில மணி நேரத்தில் மேல்நீர் தெளிந்தால் சோடியக் கோளாறு பெரிதாக இல்லை. மறுநாளும் பால்கலந்த தேநீரைப் போலக் கலங்கியே நின்றால் ஜிப்சம் தேவைப்படும் நிலமாக இருக்கலாம். அந்த மண்ணையே பொதி செய்து கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கொடுத்து மண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு இடுவது என்பதை அந்த முடிவே சொல்லும். போத்தலோடு பக்கத்துக் காணிக்காரரும் வந்தால் இன்னும் நல்லது. வடிகால் ஒருவர் வயலில் மட்டும் வெட்டினால் உப்பு அடுத்தவர் வயலில்தான் போய் நிற்கும். ஆகையால் வாய்க்காலை எந்தப் பக்கமாக வெட்டுவது என்று மாரிக்கு முன் எல்லோருமாக நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.